இடிப்பதற்கு முன்னால் எழுதி வையுங்கள்: நகராட்சிக் கட்டடம் மாற்றுவது பற்றி வாசகர் கேள்விகள்

பழைய நகராட்சி அலுவலகத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றிப் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, கட்டமைப்புப் பொறியியலும் ஆவணப் பராமரிப்பும் தெரிந்தவர்கள் இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் நகராட்சி அலுவலகத்தில் கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது. ‘ஐம்பது வருடக் கட்டடம், இடித்துவிடலாம்’ என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. உறுப்பினராக நான் என்ன கேட்க வேண்டும்?
– நகர்மன்ற உறுப்பினர், டெல்டா மாவட்டம்

பதில்: வயதைக் காரணமாக ஏற்காதீர்கள். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முப்பது வயதிலேயே நிற்க முடியாமல் போன கான்கிரீட் கட்டடங்களும் உண்டு. என்ன பழுது, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு என்று கேளுங்கள்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நகராட்சி அலுவலகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே கட்டடமாக இருக்காது. முன்பகுதி சுண்ணாம்புக் கட்டு, பின்பகுதி பிற்பாடு சேர்த்த கான்கிரீட், பக்கத்தில் இன்னும் பின்னால் ஒட்டவைத்த கழிப்பறை என்று இரண்டு மூன்று காலத்து வேலை சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பின்பகுதியின் பழுதைக் காட்டி முன்பகுதியையும் சேர்த்து இடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

கான்கிரீட் பகுதிக்கு நான்கு சோதனைகள் கேளுங்கள். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைப் போக்கிவிடும். இதைக் கண்டறிய ஒரு மூலையில் உளியால் புதிதாகக் கொத்தி, தூசியைத் துடைத்துவிட்டு, 1 சதவீத பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் உள்ள இடம் சட்டென்று அடர் ரோஜா நிறமாகும். காரம் போன இடம் சாம்பலாகவே நிற்கும். மேற்பரப்பிலிருந்து ரோஜா நிறம் தொடங்கும் இடம் வரை அளவுகோல் வைத்துப் பாருங்கள். கம்பிக்கு மேலே 20 மி.மீ. கான்கிரீட் மூடி இருந்து, சாம்பல் நிறம் 25 மி.மீ. வரை போயிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் காரை பெயர்கிறது.

அடுத்தது ஹாஃப் செல் சோதனை, அதாவது கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கணிப்பது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாகக் காட்டினால், அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மூன்றாவது, ஒலியலை வேகச் சோதனை. விநாடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் இருந்தால் நல்ல கான்கிரீட். அதற்குக் கீழே போனால் சந்தேகம். நான்காவது, கோர், அதாவது துளையிட்டு எடுத்த உருளைத் துண்டு, எடுத்து நசுக்கிப் பார்ப்பது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 456-இன்படி கோர்களின் சராசரி வலிமை, வடிவமைப்பில் குறித்த வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்தது மூன்று கோர்கள் வேண்டும். கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் கண்டுபிடித்துவிட்டுத் துளை போடச் சொல்லுங்கள். கோர் எடுக்கிறேன் என்று தூணின் கம்பியை அறுத்துவிடக் கூடாது.

மேற்பரப்பில் தட்டி, எம்பும் அளவை வைத்து வலிமையைக் கணிக்கும் சுத்தியல் சோதனை அறிக்கையை மட்டும் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். காரம் போன மேற்பரப்பு கெட்டியாகிவிடுவதால், ரிபவுண்டு சுத்தியல் பழைய கான்கிரீட்டில் உள்ளதைவிட அதிக வலிமையைக் காட்டும். அதை வைத்துப் பலவீனமான கட்டடத்துக்கு நல்ல சான்று கொடுத்துவிட முடியும்.

‘கட்டடம் பழுதடைந்து பயன்பாட்டுக்கு உகந்ததாக இல்லை’ என்ற ஒரு பக்கச் சான்று தீர்மானத்துக்குப் போதாது. சோதித்த இடங்களைக் குறித்த தள வரைபடம் வேண்டும். பழுது கழிப்பறைப் பக்கத்து ஸ்லாபிலும் சன்ஷேடிலும் மட்டும் இருந்தால் அது பழுதுபார்க்கும் வேலை. தரைத்தளத் தூண்களில் பரவலாக இருந்தால் கதை வேறு. பழுதுபார்க்கும் எஸ்டிமேட்டையும் புதுக் கட்டட எஸ்டிமேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய கட்டம் அது. எது எப்படியோ, காரை விழும் இடத்துக்குக் கீழே மக்கள் வரிசையில் நிற்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அதற்குத் தீர்மானம் தேவையில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் முன்பகுதி வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் டெரஸ். ஒழுகுகிறது. அதைக் காப்பாற்ற முடியுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், வேலூர் மாவட்டம்

பதில்: பெரும்பாலும் முடியும். தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குறுக்குவாட்டில் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து, கடைசியில் தட்டோடு பதித்த தளம் அது. ஒழுகத் தொடங்கியதும் பழைய தளத்தைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு தளம் போட்டிருப்பார்கள். 75 மி.மீ. கனத்தில் ஒரு அடுக்கு ஏறினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 135 கிலோ கூடுகிறது. அப்படி இரண்டு அடுக்கு ஏறினால் எந்தத் தேக்கும் வளையத்தான் செய்யும். ஆக, முதல் வேலை மேலே ஏறிய சுமையை இறக்குவது.

அடுத்து, சட்டங்களின் நுனியைப் பாருங்கள். நடுவில் கெட்டியாக இருக்கும் சட்டம், சுவருக்குள் நுழையும் அரை அடியில் உளுத்திருக்கும். ஓதமும் கரையானும் சேரும் இடம் அதுதான். கூர்மையான கம்பியால் குத்திப் பார்த்தால் தெரியும். நுனி மட்டும் போயிருந்தால் சுவர் ஓரம் இரும்பு உத்திரம் கொடுத்துத் தாங்கலாம். முழுதாகப் போனவற்றை ஒவ்வொன்றாக, கீழே முட்டுக் கொடுத்து மாற்றலாம்.

சுவரில் சிமென்ட் பூசியிருந்தால் உரித்துவிடுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து, ஓதத்தை இன்னும் மேலே ஏற்றும். சுவரில் முளைத்த அரச மரக்கன்றைப் பிடுங்காதீர்கள். வேரோடு செங்கலும் வந்துவிடும். வெட்டி, வேரை மருந்திட்டுக் காயவிட்டு, பிறகு வெடிப்பைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள்.

சென்னை மாநகராட்சி ரிப்பன் மாளிகையை வைத்துக்கொண்டே அதே வளாகத்தில் இணைப்புக் கட்டடம் எழுப்பியது. முன்னால் பழையது, பின்னால் புதியது என்ற அந்த ஏற்பாடு சின்ன ஊர்களுக்கு இன்னும் எளிது. நம் நகராட்சி வளாகங்களில் முன்பக்கம் தோட்டமும் பின்பக்கம் லாரி நிறுத்தும் இடமும் இருக்கும். பக்கத்திலேயே இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோய், அந்த இடம் ரயில் நிலையத்துக்குப் போனது. போனதைத் திருப்பிக் கட்ட எவராலும் முடியவில்லை.

கேள்வி: கட்டடம் கட்டி முடிய இரண்டு வருடம் ஆகும் என்கிறார்கள். அதுவரை பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், வரிப் பதிவேடுகள் எல்லாம் எங்கே, எப்படி இருக்க வேண்டும்?
– நகராட்சி இளநிலை உதவியாளர், தென் மாவட்டம்

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி. எஸ்டிமேட்டில் ஜன்னல் கொக்கிக்குக்கூட ஒரு வரி இருக்கும்; பதிவேடு இடம் மாற்ற ஒரு வரியும் இருக்காது. தொலைந்த பதிவேட்டுக்கு ஒரு குடும்பம் வருடக்கணக்கில் அலையும்.

காலத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளில் சொத்துவரி கட்டினால் 5 சதவீதச் சலுகை, கூட்டம் அலைமோதும். மே, ஜூனில் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்று கேட்டு வருவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மார்ச் ஆண்டு முடிவு. மீதியில் வசதியானது ஜூலை, ஆகஸ்ட். தென்மேற்குப் பருவமழை கொட்டும் குமரி, தென்காசி, நீலகிரிப் பக்கம் மட்டும் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்லது.

பிறப்பைப் பதிய 21 நாள் கெடு. அலுவலகம் இடம் மாறுகிறது என்று அந்தக் கெடு நிற்காது. ஆகவே அந்தப் பிரிவைக் கடைசியாக, ஒரு சனி, ஞாயிறில் மாற்றுங்கள். திங்கள்கிழமை காலை புது இடத்தில் மேசை ஓட வேண்டும்.

பட்டியல் இல்லாமல் ஒரு பதிவேட்டையும் அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். வரிசை எண், பதிவேட்டின் பெயர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, நிலை, பெட்டி எண் என்று ஆறு கட்டம் போதும். ‘நிலை’ என்ற கட்டத்தில் ‘முதல் 12 பக்கம் கிழிந்தது’ என்று இப்போதே எழுதி வைத்தால், நாளை அந்தப் பழி சுமந்தவர் தலையில் விழாது. நொறுங்கும் நிலையில் உள்ளவற்றை நகர்த்துவதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள். ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தூக்குபவர் போட்டுவிடுவார். பெரிய பதிவேடுகளை நிறுத்தி வைக்காமல் படுக்கவைத்து அடுக்குங்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் எண் எழுதுங்கள். ஏற்றும் இடத்தில் ஒருவர், இறக்கும் இடத்தில் ஒருவர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஆள் இரண்டு கையெழுத்தும் போடக் கூடாது.

பாலிதீனில் சுற்றிக் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நம் அலுவலகங்களில் சிவப்புத் துணியில் மூட்டை கட்டும் பழைய வழக்கமே சரி. துணி காற்றை விடும். மழையில் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்து, மேல் ஈரம் போகப் போக, பிரியும் பக்கங்களுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளைத் தாண்டினால் பூஞ்சணம் தொடங்கிவிடும்.

தற்காலிக இடமாக நகராட்சியின் சமுதாயக் கூடத்தை எடுப்பார்கள். அங்கே சமையலறை ஓரம், தரையோடு தரையாக, மின்பலகைக்குக் கீழே, இந்த மூன்று இடத்தையும் தவிருங்கள். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் கலச மகாலில் பிடித்த தீயில் அங்கே இருந்த அரசு அலுவலகங்கள் சாம்பலாயின. தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கட்டடத்தைப் பிறகு சீரமைத்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. சுவரை மீட்க முடிந்தது. எரிந்த கோப்பை மீட்க முடியாது.

புதுக் கட்டடத்தில் ஆவண அறை எங்கே என்று வரைபடத்தில் இப்போதே பாருங்கள். சாதாரண அலுவலகக் கூடத்தைச் சதுர மீட்டருக்கு 250 கிலோ அளவுக்குத்தான் வடிவமைப்பார்கள். ஆவண அறைக்கு 500 கிலோ வேண்டும். நகரும் அலமாரி வைப்பதானால் நடைபாதை இல்லாமல் அடுக்கு நெருங்குவதால் சுமை இன்னும் கூடும். அதை வடிவமைப்பாளரிடம் கான்கிரீட் போடுவதற்கு முன் எழுத்தில் சொல்லியாக வேண்டும். மாடியில் கூடமாக இருந்ததைப் பிற்பாடு ஆவண அறையாக்கி, ஸ்லாப் தொங்கிப்போவது பழைய கட்டடங்களில் சர்வ சாதாரணம். தரைத்தளத்தில் வைத்தால் வெள்ளம். முதல் மாடி, கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் தலைக்கு மேலே இல்லாத இடம் என்பதே எங்கள் பரிந்துரை.

கேள்வி: அதே இடத்தில் கட்டுவதா, ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் பெரிய இடத்தில் கட்டுவதா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இடம் கிடைக்கும்வரை வெளியே போக வேண்டாம். எந்த இடமானாலும் நகர நில அளவைப் பதிவேட்டு நகலை முதலில் எடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். கரிசல் மண்ணானால் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் வெடிக்கும். அங்கே அண்டர்ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் போல அகன்ற ஆழத்தூண், வேண்டியிருக்கும். ஒரு ஏக்கர் அளவு மனையானால் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆக ஐந்து இடத்தில் மண் பரிசோதனை செய்யாமல் வடிவமைப்பைத் தொடங்கக் கூடாது.

கேள்வி: இடிக்கும் வேலையை ஏலம் விடும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்?
– உதவிப் பொறியாளர், மேற்கு மாவட்டம்

பதில்: மரத்தில். ‘பழைய பொருட்கள் அனைத்தும்’ என்று ஒரே வரியில் மதிப்புப் போட்டால் நகராட்சிக்கு நட்டம். 100-க்கு 150 மி.மீ. கனத்தில் 4 மீட்டர் நீளமுள்ள ஒரு தேக்குச் சட்டம் 0.06 கன மீட்டர், அதாவது இரண்டு கன அடிக்குச் சற்று மேல். 40 சட்டம் இருந்தால் சுமார் 85 கன அடி. பழைய தேக்கின் விலை உங்களுக்குத் தெரியும். சட்டம், கதவு, இரும்பு உத்திரம், கடப்பைக் கல், கருங்கல் படி என்று எண்ணி அளந்து, படத்தோடு பட்டியலிட்டு, அதன் பேரில் குறைந்தபட்ச ஏலத்தொகை வையுங்கள்.

இடிபாட்டையும் கணக்கிடுங்கள். 450 மி.மீ. சுவர் 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம் இருந்தால் 180 கன மீட்டர். எடை 340 டன்னைத் தொடும். பத்து டன் டிப்பரில் 34 நடை. 2016-ஆம் ஆண்டு கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் ஒரு நாளில் 20 டன் அல்லது ஒரு மாதத்தில் 300 டன்னைத் தாண்டினால் கான்கிரீட், மண், இரும்பு, மரமும் பிளாஸ்டிக்கும், செங்கலும் காரையும் என்று பிரித்து வைக்கச் சொல்லின. அதாவது சுவரின் எடையே இந்த எல்லையைத் தாண்டுகிறது. 2025-இல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரலிலிருந்து அவற்றின் இடத்துக்கு வந்தாலும், பிரிக்கும் வேலை போய்விடவில்லை. கொட்டும் இடத்தை டெண்டரிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அது கண்மாயில்தான் போய் விழும்.

வேலை மேலிருந்து கீழே வர வேண்டும், கைப்பிடிச்சுவர் முதலில். உடைத்ததை மாடித் தளத்திலேயே குவித்தால் அந்தத் தளம் ஆட்களோடு சேர்ந்து கீழே வரும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றுங்கள். இடிப்பதற்கு முன்பே வளாகத்தில் இருக்கும் தூர்ந்த கிணறு, பழைய செப்டிக் டேங்க் இவற்றை வயதான துப்புரவுப் பணியாளர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். இடிபாட்டைத் தள்ளி மூடிய கிணற்றின் மேல் தூண் வந்தால் இரண்டாவது மழையில் அந்த மூலை இறங்கும்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் போகிறவன். புதுக் கட்டடங்களிலும் சாய்தளம் சும்மா பேருக்குத்தான் இருக்கிறது. எப்படிக் கேட்பது?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: கணக்கோடு கேளுங்கள். சாய்வு 12-க்கு 1. தரைமட்டம் 600 மி.மீ. உயரமானால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வேண்டும், 900 மி.மீ. ஆனால் 10.8 மீட்டர், இடையில் திரும்பி நிற்க 1.5 மீட்டர் சமதளம். வெள்ளத்துக்குப் பயந்து தரைமட்டத்தை உயர்த்திவிட்டு, வாசலில் மீதியிருக்கும் நான்கு மீட்டருக்குள் சாய்தளத்தை அடைக்கிறார்கள். அது ஏறும் வழியாக இருக்காது, சறுக்குப் பலகையாகத்தான் இருக்கும். ஆகையால் வரைபடக் கட்டத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் கைப்பிடி. கதவு திறந்த பின் 900 மி.மீ. வழி. ஒரு கவுன்ட்டராவது 750 முதல் 800 மி.மீ. உயரத்தில், கீழே முழங்கால் நுழைய இடம் விட்டு இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

இதோடு இன்னொன்று. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. மன்றக் கூடத்தின் அருகே பெண்கள் கழிப்பறை ஒன்றே ஒன்று என்று வரையும் வரைபடத்தை இனி எவரும் ஏற்கக் கூடாது.

கேள்வி: நாங்கள் கட்டட வேலை தெரியாத வார்டு மக்கள், கடலோர ஊர். வேலை நடக்கும்போது எதைப் பார்க்கலாம்?
– குடியிருப்போர் நலச் சங்கம், கடலோர மாவட்டம்

பதில்: உப்புக் காற்று படும் இடத்தில் கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம் 30-க்குக் குறையக் கூடாது, கம்பிக்கு மேல் மூடி 45 மி.மீ. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்குக் கீழே வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கை ஒரு சின்ன அளவுகோலால் அளந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். உடைந்த கருங்கல் சில்லை வைத்திருந்தால் உடனே சொல்லுங்கள். 16 முதல் 30 கன மீட்டர் வரையான கான்கிரீட்டுக்கு மூன்று மாதிரி, மாதிரிக்கு நசுக்கிச் சோதிக்க மூன்று கியூப் (கனசதுரக் கட்டி). ஆக ஒன்பது கியூப் தொட்டியில் கிடக்க வேண்டும். நம் வெயிலில் சாம்பல் கலந்த பி.பி.சி. வகைச் சிமென்ட் போட்ட கான்கிரீட் பத்து நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். ஸ்லாபில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள்; தூணைத்தான் மறப்பார்கள். தூணில் ஈரச் சாக்கு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொல்லியும் கேட்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 2(ஒ) பிரிவைப் பயன்படுத்துங்கள். ஆங்கில மூலத்தில் அது ஜே என்ற எழுத்துப் பிரிவு. ஆவண நகல் மட்டுமல்ல, நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அந்தப் பிரிவு உரிமை தருகிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு, வேலையின் பெயர், ஒப்பந்த எண், எந்த நாள் போட்ட எந்தத் தளத்தின் கியூப் சோதனை முடிவு வேண்டும் என்று குறிப்பாக எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. அதனால் அஸ்திவாரம் போடும் வாரமே மனுவைக் கொடுத்துவிடுங்கள். பூச்சு வேலை முடிந்த பிறகு கொடுத்தால் பார்க்க ஒன்றும் வெளியே தெரியாது.